பரிசுப் பணம் யார் வீட்டுப் பணம்?

1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் சங்கரன்கோவிலுக்கு அருகே உள்ள நெற்கட்டும்செவல் கோட்டையின் முன்னால் வந்து நின்று பாளையக்காரர் பூலித்தேவரிடம் கேட்டது 20,000 ரூபாய். அது கிடைக்கவில்லை. சுவரை உடைக்கும் பீரங்கி அவரிடம் இல்லை என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீவனமும் தானியமும் குறைந்துபோன படையுடன் ஹெரான் திரும்பிப் போனார். சங்கரநாராயணர் கோவிலில் பூலித்தேவர் மறைந்ததாகச் சொல்லப்படும் அறையை இன்றைக்கும் காட்டுகிறார்கள். அவரது வீரத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். அந்தப் படையெடுப்பின் பணக்கணக்கைப் பேசுபவர்கள் குறைவு. கணக்கு வெளிப்படையானதுதான். ஆற்காடு நவாப் முகமது அலி கம்பெனிக்குப் பட்டிருந்த போர்க்கடனை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஏறத்தாழ 500 ஐரோப்பியர்களும் 2,000 சிப்பாய்களும் தெற்கே அனுப்பப்பட்டார்கள். வழியில் மதுரைக்கு அருகே கோவில்குடியில் ஒரு கோவிலின் கதவை எரித்து உள்ளே புகுந்து, உலோகத் திருமேனிகளை மூட்டை கட்டிக்கொண்டார்கள். அவற்றைப் பிராமணர்களிடமே 5,000 ரூபாய்க்குத் திருப்பி விற்கலாம் என்பது திட்டம். அந்தக் காலத்தில் சென்னைக் கவுன்சிலில் இருந்த ராபர்ட் ஆர்ம் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். சாமிக்கே விலைச்சீட்டு கட்டிய அந்த மூட்டையிலிருந்து தொடங்கினால், இன்று நாம் கைதட்டி வழங்கும் பரிசுப் பணத்தின் பூர்வீகம் பிடிபடும்.

பரிசுப் பணம் என்றதும் கோப்பை, மாலை, மேடை, பெரிய அட்டைக் காசோலை ஆகியவை நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஐரோப்பியக் கடற்படைகளிலும் பிறகு இந்தியாவில் கம்பெனிப் படையிலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயரில் வழங்கப்பட்டது வேறு பணம். எதிரியிடம் பிடித்த கப்பலையும் சரக்கையும் கோட்டைக் கஜானாவையும் விற்றுப் பிடித்தவர்களுக்குள் பங்கிட்ட தொகை அது. அதை வீரத்துக்குக் கொடுத்த வெகுமதி என்று சொல்வது பாதி உண்மைதான். சம்பளத்தை அடிமட்டத்தில் வைத்துக்கொண்டு, உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு ஆள் சேர்க்க அரசுகள் கண்டுபிடித்த வழி அது என்பதுதான் மீதிப் பாதி. அந்தச் செலவைப் பட்டியலில் பெயரே இல்லாத மூன்றாவது ஆள் ஏற்றுக்கொண்டான், அதாவது தோற்றவன்.

இதற்குச் சாட்சி கடற்படைச் சம்பளப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் தேர்ந்த மாலுமிக்கு மாதம் 24 ஷில்லிங். 1650களில் நிர்ணயித்த இந்தத் தொகை, 1797இல் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் கலகம் செய்யும்வரை ஏறவேயில்லை. விலைவாசி ஏறியது, கப்பல்கள் பெருத்தன, போர்கள் நீண்டன, சம்பளம் மட்டும் நூற்று நாற்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. இதற்கு நடுவே, 1708இல், பிடிபட்ட கப்பலின் முழு மதிப்பும் பிடித்தவர்களுக்கே என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பிடித்ததை அப்படியே பிரித்துக்கொள்ள முடியாது. கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அது நியாயமாகப் பிடிபட்ட எதிரிச் சொத்துதான் என்று தனி நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டும். பிறகு முகவர்கள் ஏலம் விடுவார்கள், தரகு கழிப்பார்கள், எஞ்சியதை எட்டுப் பங்காக வகுப்பார்கள். கேப்டனுக்கு மூன்று பங்கு, அதில் ஒன்று அவருக்கு மேலே இருந்த அட்மிரலுக்குப் போகும். மூன்று பங்குகளை மூன்று தட்டு அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். கயிறு இழுத்தவன், பீரங்கி ஏற்றியவன், பாய்மரத்தில் ஏறியவன் என்று நூற்றுக்கணக்கான பேருக்கு மீதி இரண்டு பங்கு.

இந்த ஏற்பாடு ஆட்களை எப்படி இழுத்தது என்பதற்கு 1762ஆம் ஆண்டு ஒன்றே போதும். ஸ்பெயினின் ஹெர்மியோன் என்ற கப்பல் அந்த ஆண்டு மாட்டியது. அதைப் பிடித்த இரண்டு கப்பல்களின் கேப்டன்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 65,000 பவுண்டு. சாதாரண மாலுமிக்குக்கூட 485 பவுண்டு, முப்பது ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். இப்படி ஒரு கப்பல் கிடைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அவர்களின் கதை துறைமுகத்துக்குத் துறைமுகம் பரவும். லாட்டரியில் விழுந்த ஒருவரின் பெயர், விழாத ஆயிரம் பேரை மறுநாளும் கடைக்கு வரவைப்பதைப் போலத்தான் இதுவும். அதே 1762இல், ஸ்பெயின் வசமிருந்த மணிலாவைப் பிடிக்கச் சென்னையிலிருந்து ஒரு படை கப்பலேறியது. கிடைப்பதில் மூன்றில் ஒன்று கம்பெனிக்கு என்று புறப்படும் முன்பே பேசி முடித்திருந்தார்கள். பிடிபட்ட நகரத்துக்கு விதித்த மீட்புத்தொகை 40 லட்சம் டாலர், அதில் பெரும் பகுதி கடைசிவரை வரவில்லை. படையோடு போன சென்னைச் சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. மணிலாவுக்கு அருகே கைந்தா என்ற ஊரில் குடியேறிவிட்டார்கள், அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். போனவர்களின் கணக்கில் என்ன விழுந்தது என்பதற்கு, ஊர் திரும்பாமல் போன இந்தத் தீர்மானமும் ஒரு குறிப்புதான் என்று எனக்குப் படுகிறது.

நிலத்தில் இந்த முறை எப்படி நடந்தது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 மே 4ஆம் தேதி கோட்டை விழுந்தது, திப்பு சுல்தான் வாயிலருகே இறந்துகிடந்தார். அன்றிரவு படைகள் ஊரைச் சூறையாடின. ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபுவானவர், நாலு பேரைத் தூக்கிலிட்டுத்தான் அதை அடக்கினார். தூக்கு மரம் இறங்கியதும் கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள். இதற்கென்றே நியமிக்கப்பட்ட முகவர்கள் அரண்மனை அறைகளைப் பூட்டி, முத்திரையிட்டு, நகைகளை எடைபோட்டு, பட்டுக்கும் பாத்திரத்துக்கும் மதிப்புப் போட்டார்கள். திப்புவின் சிம்மாசனம் தங்கத் தகடு போர்த்தியது, புலித் தலைகளும், மேலே மணிகள் பதித்த ஹூமா பறவையும் கொண்டது. முழுதாக இருந்தால் அதை யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பது? துண்டு துண்டாக உடைத்தார்கள். பறவை ஒரு பக்கம், பெரிய புலித்தலை ஒரு பக்கம், தகடுகள் ஒரு பக்கம் என்று போயின. உடைத்தது கவர்னர் ஜெனரலுக்கே வருத்தம் என்றாலும் உடைத்தது உடைத்ததுதான். வகுத்தல் கணக்குக்கு வசதியில்லாத பொருள் என்பதைத் தவிர அந்தச் சிம்மாசனம் வேறொரு குற்றமும் செய்யவில்லை.

பங்கு விவரத்தைப் பார்த்தால் மொத்தம் 11 லட்சத்து 43 ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேல். தளபதி ஜெனரல் ஹாரிஸ் எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார், 1,42,902 பவுண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சுமார் 7 பவுண்டு, இந்தியச் சிப்பாய்க்குச் சுமார் 5. வகுத்துப் பார்த்தால், ஒரு தமிழ் அல்லது தெலுங்குச் சிப்பாயின் பங்கைப்போல இருபத்தெட்டாயிரம் மடங்குக்கும் அதிகமாகத் தளபதிக்குப் போயிருக்கிறது. ஹாரிஸ் எடுத்தது அதிகம் என்று கம்பெனி வழக்குப் போட்டது உண்டு. ஆனால் அது பிரிவி கவுன்சிலில் தோற்றது, அந்த வழக்கிலும் சிப்பாயின் ஐந்து பவுண்டைப் பற்றிய கேள்வி எழவில்லை. கோட்டைச் சுவரின் உடைப்பில் முதலில் ஏறியவனுக்கும் கூடாரத்தில் வரைபடம் பார்த்தவருக்கும் இடையில் ஆபத்து இப்படியா பிரிந்திருந்தது? பதவிக்குத்தான் பங்கு, பட்ட பாட்டுக்கு இல்லை. இதைப் பார்த்த பிறகு, வீரத்துக்கான பரிசு என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்வது கஷ்டம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கொள்ளையைப் பங்கிடுவதை வெள்ளைக்காரனா நமக்குக் கற்றுக்கொடுத்தான்? தொல்காப்பியம் வெட்சித் திணைக்கு வகுத்த துறைகளில் பாதீடு என்றே ஒன்று உண்டு. கவர்ந்துவந்த ஆநிரையை வீரர்களுக்குப் பகுத்துக் கொடுப்பது அது. அதையடுத்து உண்டாட்டும் கொடையும் வருகின்றன. சேரனையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று கொண்டுவந்த பொருளில் செய்து கொடுத்தவை என்று தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் ராஜராஜ சோழனே பெருமையோடு வெட்டிவைத்திருக்கிறான். முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துவிட்டு, அங்கிருந்து ஒரு துவாரபாலகரைத் தூக்கிவந்து, எரித்துவிட்டுக் கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே எழுதிவைத்தான். கோவில்குடியில் ஹெரான் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பறிகொடுத்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு இல்லை. நம் மன்னர்களைப் புனிதர்களாக்கி இந்தக் கட்டுரையைக் காப்பாற்றிக்கொள்ள நான் விரும்பவில்லை.

ஆனால் பழைய இலக்கணத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, கம்பெனிச் சட்டத்தில் அது கிடையாது. வெட்சிக்கு எதிரே கரந்தை இருக்கிறது. கவர்ந்து சென்றவர்களைத் துரத்திப்போய் ஆநிரையை மீட்பதும் வீரம்தான், அதற்கும் பூ உண்டு, துறை உண்டு, மீட்கப்போய் மாண்டவனுக்கு நடுகல் உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விழுந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக நிலம் விட்ட செய்திகளைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதாவது பறிகொடுத்தவனுக்கும் செத்தவனுக்கும் அந்த உலகத்தின் கணக்கில் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருந்தது. 1755 மே மாதம் ஹெரானின் படை நத்தம் கணவாய் வழியாகத் திரும்பியபோது நடந்ததும் அதுதான். இருபுறக் காட்டிலிருந்தும் கள்ளர்கள் பாய்ந்து, மூட்டை முடிச்சுகளுக்குள் கோவில்குடித் திருமேனிகளைக் கண்டுபிடித்து, சாமி, சாமி என்று கூவியபடி மீட்டுக்கொண்டு போனார்கள். ஆங்கிலப் பதிவில் அது வழிப்பறி. தொல்காப்பியத்தைப் படித்தவர் அதைக் கரந்தை என்றுதான் சொல்வார். ஹெரான் சென்னைக்குப் போனதும் ராணுவ விசாரணைக்கு ஆளாகி வேலையை இழந்தார். ஆனால் அது கதவெரிந்த ஊருக்குக் கிடைத்த நியாயமாக ஆகவில்லை. விசாரணையில் பெரிதாகப் பட்டது, மேலிடத்தைக் கேளாமல் நடந்ததும் தனக்கென்று பணம் வாங்கியதும்தான். பிடுங்கியது தவறு என்று யாரும் சொல்லவில்லை, பிடுங்கியது யார் கணக்கில் ஏற வேண்டும் என்பதில்தான் தகராறு. மூன்றே ஆண்டுகளில், 1758இல், கம்பெனியின் சொந்தப் படை கைப்பற்றும் பொருள் கம்பெனிக்கே, அரசரின் படையும் சேர்ந்திருந்தால் அரசர் தீர்மானிப்பார் என்று பட்டயம் வந்து, அந்தத் தகராறுக்கும் வழி செய்தது.

இன்னொரு மறுப்பும் உண்டு, இது முன்னதைவிடக் கனமானது. கணக்கில்லாத சூறையாடலைவிடக் கணக்குள்ள பங்கீடு மேல் இல்லையா? ஆளாளுக்கு வீடு புகுந்தால் ஊர் அழியும், படையும் சிதறும். எல்லாவற்றையும் ஒரு முகவரிடம் ஒப்படைத்தால் பங்கு நிச்சயம் என்று தெரிந்தால், சிப்பாய் வீட்டுக்குள் புகாமல் வரிசையில் நிற்பான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முதல் இரவுக்கும் அடுத்த வாரத்துக்கும் இருந்த வேறுபாடு இதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலில் நீதிமன்றம் இருந்ததால் நடுநிலை நாட்டுக் கப்பல்காரர்களாவது தங்கள் சரக்கை வாதாடி மீட்க முடிந்தது. ஆனால் இந்த ஒழுங்கு யாருக்காக ஏற்பட்டது? தோற்ற நாட்டான் அந்த ஒழுங்கின் கதவைத் தட்டிய வழக்கு ஒன்று உண்டு. 1818இல் மராத்தியப் பேஷ்வாவுடனான போர் ஏறக்குறைய முடிந்திருந்தது, புனே கம்பெனி வசம் வந்துவிட்டது. பேஷ்வாவின் கஜானாவையும் ராய்கட் கோட்டையையும் கவனித்துவந்த நாரோபா என்பவரின் பொன்னைக் கம்பெனி அதிகாரிகள் புனேயில் கைப்பற்றினார்கள். அது என் சொந்தப் பணம், சரணடைந்த ஊரில் சண்டையில்லாத நேரத்தில் எடுத்தது என்பது அவர் தரப்பு வாதம். அவர் தரப்பு பம்பாய் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1830இல் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. போர்க்காலத்தில் எதிரியிடம் கைப்பற்றியதை விசாரிக்க உள்நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று கதவைச் சாத்தியது. அதே தக்காணப் போரின் கொள்ளையை எந்தப் படைக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பதற்கு மட்டும் அறங்காவலர்கள், மனுக்கள், விசாரணைகள் என்று வருடக்கணக்கில் நேரமிருந்தது. அந்த அறங்காவலர்களில் ஒருவர் வெலிங்டன் பிரபு. பிடித்தவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளாமல் இருக்க எழுந்த சட்டம் இது, இழந்தவனுக்கு அங்கே நாற்காலி போடவில்லை.

இந்த முறை சாகவும் அறம் காரணமாக இருக்கவில்லை, சம்பளம்தான் காரணம். ராணுவ வேலைக்கு ஒழுங்கான சம்பளமும் ஓய்வூதியமும் வந்த பிறகு கொள்ளைப் பங்கின் தேவை குறைந்தது. அமெரிக்கக் கடற்படையில் 1899இல் நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்குக் கடைசியாக ஒருமுறை வழங்கிவிட்டு 1948இல் பிரிட்டன் சட்டம் போட்டு முடித்துக்கொண்டது. நம் நாட்டிலும் 1971ஆம் ஆண்டில் வங்கதேசப் போரை ஒட்டிக் கடற்படை, விமானப் பிடிபொருள்களுக்கென ஒரு சட்டம் வந்தது. எதிரிக் கப்பலைப் பிடிக்கலாம், நீதிமன்றத்தில் நிறுத்தலாம், ஆனால் பிடித்த மாலுமிக்கு வீடு கட்டும் அளவுக்குப் பங்கு என்ற பேச்சு போய்விட்டது.

பெயர் மட்டும் விளையாட்டுக்கு வந்துசேர்ந்தது. இரண்டுக்கும் பெயரைத் தவிர என்ன தொடர்பு என்று கேட்கலாம். வன்முறை போய்விட்டது, இது பெரிய மாற்றம், இதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் பழைய கணக்குப் புத்தகத்தின் இரண்டு கேள்விகள் அப்படியே நிற்கின்றன. பணம் யாரிடமிருந்து வருகிறது, கீழ்வரிசையில் நிற்பவனுக்கு என்ன? தென்மாவட்டங்களில் கோவில் கொடைக்கு நடக்கும் மாட்டுவண்டிப் பந்தய நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதல் பரிசு இத்தனை, உபயம் இன்னார், இரண்டாம் பரிசு இத்தனை, உபயம் இன்னார். தொகை ஏற ஏற உபயதாரரின் படம் பெரிதாகும். சாரதியின் படத்துக்கு அதில் இடமில்லை. இங்கே பணம் தோற்றவனின் வீட்டிலிருந்து வரவில்லை, விரும்பிக் கொடுப்பவரின் பையிலிருந்து வருகிறது. அந்த அளவில் நத்தம் கணவாயிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். ஆனால் அதே நோட்டீஸின் அடியில் நுழைவுக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. கபடிப் போட்டிகளில் இது வழக்கம். நாற்பது அணிகள் கட்டணம் கட்டி வந்து முப்பத்தாறு அணிகள் வெறுங்கையோடு போகும் போட்டியில், முதல் பரிசின் ஒரு பகுதி தோற்றவர்களின் பணம்தான். அவர்கள் மனமுவந்து கட்டினார்கள் என்பது உண்மை. வேன் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் முழங்கால் அடியும் எந்தப் பரிசுப் பட்டியலிலும் ஏறுவதில்லை என்பதும் உண்மை.

பரிசு என்றால் ஜெயித்தவனுக்குத்தான், தோற்றவனுக்கும் கொடுத்தால் போட்டியில் சூடு இருக்காது என்று இதற்குப் பதில் வரும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் முடிந்த உலக சதுரங்கப் பட்டப் போட்டி இந்தப் பதிலைச் சோதித்துவிட்டது. மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். ஜெயிக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 2 லட்சம், மீதியை இருவரும் சரிபாதி. சென்னையின் குகேஷ் மூன்று ஆட்டங்களை வென்று பட்டத்தைப் பிடித்தார், கையில் கிடைத்தது 13.5 லட்சம். பட்டத்தை இழந்த டிங் லிரெனுக்கு இரண்டு வெற்றிகளும் சரிபாதியும் சேர்ந்து 11.5 லட்சம். பதினான்காவது ஆட்டம் வரை சமநிலையில் இழுத்துக்கொண்டுபோய், கடைசி ஆட்டத்தின் ஒரு பிழையில் முடிந்த அந்தப் போட்டியில் சூடு குறைந்தது என்று பார்த்தவர் யாரும் சொல்லமாட்டார். பட்டத்தின் மதிப்பு வேறு, உழைப்புக்கான கூலி வேறு என்று பிரித்துப் பார்த்த கணக்கு அது. கபடிக் கமிட்டிகளிடம் லட்சக்கணக்கில் டாலர் இல்லைதான். முதல் பரிசில் ஒரு பங்கைக் குறைத்து, காலிறுதிவரை வந்த அணிகளுக்கு வழிச்செலவும், அடிபட்டவனுக்கு மருத்துவச் செலவும் என்று நோட்டீஸில் இரண்டு வரி சேர்க்க டாலர் தேவையில்லை. அதற்கும் ஓர் உபயதாரர் கிடைப்பார், படத்தைச் சற்றுப் பெரிதாகப் போட்டால்.